மாலத்தீவுக்குச் செல்லுமுன்



உழைப்புக்குப் பின் ஓய்வு உண்டு என்பதை விவிலியத்தின் முதல் ஏடுகளே நமக்குக் கற்பிக்கின்றன. ஆகவே ஒரு குடும்பம் சில நாள் கடலோரத்தில் களித்திருக்க விரும்புவது குற்றமாகாது. ஆயினும் ஓய்வுக்கெனச் சென்றவர் கடனோடு திரும்புவதும், நொடிப்பொழுதுக் கவனக்குறைவால் கடலில் உயிரிழப்பதும் உண்டு. இன்று திருமணத் தம்பதியரும் வெள்ளிவிழாக் காண்போரும் பெரிதும் விரும்பும் மாலத்தீவை எடுத்துக்கொண்டு, செல்லுமுன் சிந்திக்க வேண்டியவற்றைக் காண்போம்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,190 பவளத்தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது அந்நாடு. அவற்றுள் ஏறக்குறைய 200 தீவுகளில்தான் குடிமக்கள் வாழ்கின்றனர். முதல் உல்லாச விடுதி 1972-இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் குரும்பா. திவேகி மொழியில் இச்சொல் இளந்தேங்காயைக் குறிக்கும். நம் 'குரும்பை' உடனே நினைவுக்கு வருகிறதல்லவா?

முதலாவது, காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்து, கடல் அமைந்திருக்கும். விலையும் உச்சத்தில் நிற்கும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் அலையையும் கொணரும், கட்டணம் குறையும். ஆனால் பா பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு குடாவில் மண்டா திருக்கைகள் நுண்ணுயிர்களை உண்ணத் திரள்வது இந்தப் பருவத்தில்தான். 2011-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. அங்கே காற்றுருளை கட்டி மூழ்க அனுமதியில்லை; மிதந்தவாறே காணலாம்.

இரண்டாவது, செலவு. விளம்பரத்தில் காணும் அறை வாடகை செலவின் ஒரு பகுதியே. விலையருகே இரண்டு கூட்டல் குறிகள் இருப்பின், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. அதையும் சேர்த்த தொகைமீது சுற்றுலா வரி, 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. ஆக, 100 டாலர் உணவு 128 டாலர் 70 செண்டாகிறது. இதுவன்றி, 2025 ஜனவரி முதல் உல்லாச விடுதிகளில் ஆள் ஒருவருக்கு இரவொன்றுக்கு 12 டாலர் பசுமை வரியும் உண்டு. தொலைத் தீவுகளுக்குக் கடல்விமானத்தில் போய்வர ஒருவருக்குப் பல நூறு டாலர் ஆகும். கடல்விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பதால், மாலையில் வந்திறங்குவோர் தலைநகர்ப் பகுதியில் ஓரிரவு தங்க நேரிடும். மாஃபுஷி போன்ற குடிமக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களில் செலவு மிகக் குறைவு. பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைத்துத்தான் செல்லவேண்டுமெனில், அப்பயணத்தை ஓராண்டு தள்ளிவைப்பதே குடும்பத்துக்கு நலம்.

மூன்றாவது, நீர் விளையாட்டு. உயிரோடு தொடர்புடையது ஆதலால் இதனைக் கருத்தூன்றிப் படியுங்கள். முகக்கண்ணாடியும் சுவாசக்குழாயும் அணிந்து மிதப்பது எளிதெனத் தோன்றும். ஆனால் பவளத்திட்டின் விளிம்பைக் கடந்ததும் ஆழம் சட்டென மிகும். தீவுகளுக்கிடையேயுள்ள வாய்க்கால்களில் நீரோட்டம் வலிமையாக இழுக்கும். நீந்தத் தெரிந்தவரும் தனியே இறங்கலாகாது. மிதவைச் சட்டை அணிவதில் வெட்கமில்லை. நீரோட்டம் இழுத்துச்சென்றால் அதனை எதிர்த்துப் போராடிக் களைக்காமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகுங்கள். இயலாவிடில் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். விசைப்படகு இழுக்கும் வான்குடையிலும், நீர் ஸ்கூட்டரிலும் ஏறுமுன் காற்றின் நிலையையும் பயிற்சியாளரின் சொல்லையும் கேட்பது கடமை.

ஸ்கூபா மூழ்கலுக்கு உடல்நலப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமாவையும் இதயநோயையும் மறைப்பவர் ஏமாற்றுவது தம்மையே. 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூழ்கல் சான்றிதழ்ப் பயிற்சி அளிப்பதில்லை. பொழுதுபோக்கு மூழ்கலுக்கு அந்நாடு விதித்துள்ள எல்லை 30 மீட்டர். ஆழத்தில் அழுத்தத்தால் நைட்ரஜன் உடலில் கரைகிறது. அது வெளியேறுமுன் விமானம் ஏறினால், குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாகி நரம்பையும் மூட்டையும் தாக்கும். எனவே பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்கவேண்டும். கடைசி நாளை மணலில் கழிக்கத் திட்டமிடுங்கள். பயணக் காப்பீடு மூழ்கலையும் உள்ளடக்குமா என்று கேட்டறியுங்கள்.

நான்காவது, நாட்டின் சட்டம். இந்தியருக்கு முன்கூட்டி விசா வேண்டியதில்லை. அனுமதி அங்கேயே கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பவேண்டிய அறிவிப்புப் படிவத்துக்குக் கட்டணமில்லை. பணம் கேட்கும் போலித் தளங்களை நம்பாதீர்கள். மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது. இஸ்லாமிய நாடாகிய அங்கே நமக்கு ஆலயமில்லை. ஞாயிறு திருப்பலியை மனத்திற்கொண்டே நாள்களைக் குறியுங்கள். குடிமக்கள் வாழும் தீவுகளில் நீச்சலுடையை அதற்கென ஒதுக்கிய கடற்கரையோடு நிறுத்திக்கொள்வது அவர்கள்பால் நாம் காட்டும் மரியாதை.

பவளம் பாறையன்று, உயிர். 1998-இலும் 2016-இலும் கடல்நீர் வெப்பமிகுந்து அவை பெருமளவில் வெளுத்தன. அதன்மீது காலூன்றுவதும், உடைத்தெடுத்து வருவதும் தவறு. அவ்வாறே, நமக்கு அறை துப்புரவு செய்பவரும் உணவு பரிமாறுபவரும் பலசமயம் இந்தியா, வங்கதேசம், இலங்கையிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்களே. அவர்களை ஏவலாளராக அல்ல, சகோதரராகக் கருதிப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். நம் பிள்ளைகள் கடலை மட்டுமல்ல, நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.