பயணத்தின் பயன் எப்போது கிடைக்கிறது?

ஆனேக்கல் வட்டத்திலுள்ள பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் சிங்கமும் புலியும் வெளியே உலவுகின்றன. கம்பிவலை பொருத்திய பேருந்துக்குள் அடைபட்டிருப்பவர்கள் நாம். வேலிக்கு உட்பட்ட அந்நிலம் காடா, காடுபோல அமைக்கப்பட்ட காட்சியா? சுற்றுலா ஆய்வாளர்கள் நெடுங்காலம் வழக்காடியது இத்தகைய வினாவைப் பற்றித்தான்.

இக்காலப் பயணிகள் தமக்கெனச் செய்துவைத்த போலிக் காட்சிகளிலேயே மகிழ்கின்றனர் என்று 1961-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் சாடினார். சமூகவியலாளர் டீன் மக்கானல் 1973-இல் இதை மறுத்தார். பயணிகள் உண்மையையே நாடுகின்றனர். அவர்களுக்குப் பெரும்பாலும் மேடையேற்றப்பட்ட உண்மையே காட்டப்படுகிறது என்பது அவர் வாதம். பயணிகள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்றார் எரிக் கோஹன். பொழுதுபோக்கச் செல்வோர் முதல் வாழ்வின் மையத்தையே தேடிச் செல்வோர் வரை ஐந்து நிலைகளை அவர் 1979-இல் வகுத்தார். இதே வட்டத்தின் ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவுக்கு, நூறடிக்கு மேல் உயர்ந்த தேரைத் தம் ஊரிலிருந்து இழுத்துவருவோரையும், அதனைக் கைபேசியில் படமெடுத்துவிட்டு மாலையே திரும்புவோரையும் அவருடைய வகுப்பு வெவ்வேறு முனைகளில் நிறுத்தும்.

பின்னர் ஆய்வின் நோக்கு நினைவின் பக்கம் திரும்பியது. ஜோங் ஹியோங் கிம் உள்ளிட்ட மூவர் 2012-இல் வெளியிட்ட அளவுகோல், மறவாத பயணத்திற்கு இன்பம், புதுமை, உள்ளூர்ப் பண்பாடு, புத்துணர்ச்சி, பொருள் நிறைவு, ஈடுபாடு, அறிவு என ஏழு கூறுகளைக் கண்டது. கல்லூரி மாணவர்களின் விடைகளிலிருந்து உருவான அளவுகோல் இது. காசிக்குச் சென்று வந்த நம் பாட்டிமார்களிடம் கேட்டிருந்தால் இன்பம் முதலிடம் பெற்றிருக்குமா என்பது ஐயமே.

வங்கியாளர்களாகிய எங்களை மிகவும் ஈர்த்தது 2010-இல் ஜெரோன் நாவைன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் கேட்டறிந்ததில், விடுமுறைப் பயணம் செல்லவிருந்தோர் செல்லாதோரைவிடப் பயணத்திற்கு முன்பே மகிழ்ச்சியாக இருந்தனர். எதிர்பார்ப்பே அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். திரும்பியபின், மிகவும் இளைப்பாறி வந்தோரைத் தவிர, ஏனையோருக்கும் பயணம் செல்லாதோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இதைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். குடும்பப் பயணத்திற்கு 60,000 ரூபாய் தேவை. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஓராண்டுத் தனிநபர்க் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 5,331 ரூபாய். வட்டி மட்டும் 4,000 ரூபாயை நெருங்கும். தொடர் வைப்பில் மாதம் 5,000 ரூபாய் செலுத்தினால், பன்னிரண்டு மாதங்களில் அதே தொகை வட்டியுடன் கைக்கு வரும். கடன் தவணைகள் மகிழ்ச்சி அடங்கிவிட்ட மாதங்களில் விழுகின்றன. வைப்புத் தவணைகளோ எதிர்பார்ப்பு வளரும் மாதங்களில்.

முதிய பெற்றோரைத் தலயாத்திரைக்கு அழைத்துச் செல்ல விரும்புவோரிடம் மட்டும் இக்கணக்கை நாங்கள் வற்புறுத்துவதில்லை. ஓராண்டு காத்திருக்க அவர்களுக்கு இயலாமற் போகலாம்.