முதுமையிற் கற்கும் ஊழியம்

கல்வி இளமைக்கே உரியதென்னும் எண்ணம் நம்மிற் பலர்க்கு உண்டு. இளமையிற் கற்று, நடுவயதில் உழைத்து, முதுமையில் ஓய்ந்திருத்தலே வாழ்வின் முறையெனக் கொண்டு, அறுபதாண்டு கடந்தாரைத் திண்ணையில் இருத்திவிடுகின்றோம். நம் முன்னோர் அங்ஙனம் கருதினாரல்லர். மக்களும் சுற்றமும் சூழ வாழும் முதிய தலைவனும் தலைவியும் மேலான நெறியில் தம்மைப் பழக்கிக்கொள்ளுதலே இல்லறத்தின் பயன் என்னுங் கருத்தைத் தொல்காப்பியர் கற்பியலிற் கூறிப்போந்தார். வேதாகமத்தை நோக்கினும், ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது அவர்க்கு வயது 75. உடன் சென்ற சாராளோ அவரினும் பத்தாண்டு இளையவர். பார்வோன்முன் சென்று பேசியபோது மோசேக்கு வயது 80. ஆதலின் முதுமையிற் புறப்படுதல் புதுமையன்று. அங்ஙனம் புறப்படுவார் இந்நாளில் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதை ஓர் உண்மையான உதாரணங்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட அமெரிக்காவில் யூட்டா என்னும் மாகாணத்திலே புரோவோ என்றோர் ஊருளது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார், தம் ஊழியரைப் பயிற்றும் தலைமையான கூடத்தை அவ்வூரில் நடத்தி வருகின்றனர். மார்மன் சபையார் என உலகத்தார் வழங்குவது இவர்களையே. இச்சபை 1830-ம் ஆண்டு நியூயார்க் மாகாணத்தில் ஜோசப் ஸ்மித் என்பவராற் றொடங்கப்பெற்றது. துன்பங்கள் பல நேர்ந்தமையால் இதனைச் சார்ந்தார் மேற்றிசை நோக்கிப் பெயர்ந்து, 1847-ம் ஆண்டில் பிரிகாம் யங் என்பவர் தலைமையிற் பெரிய உப்பேரியின் பள்ளத்தாக்கிற் குடியேறினர். ஏனைய கிறிஸ்தவ சபையார் இவர்தம் போதனைகள் பலவற்றை ஒப்புக்கொள்வதில்லை. அவ்வழக்கு ஈண்டு நம் பொருளன்று. முதியவர் இருவர் கணவனும் மனைவியுமாய் ஊழியத்திற்குப் புறப்படும் வழக்கத்தை இவர்கள் ஓர் ஒழுங்காக அமைத்துள்ளமையே நாம் கருதற்பாலது.

இச்சபைக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழந்தொடர்பு உண்டென்பதை அறிந்தார் சிலரே. 1852-ம் ஆண்டில் சால்ட் லேக் நகரத்திற் கூடிய விசேஷ மகாநாட்டில், நூற்றுக்கு அணித்தான ஆடவர் பல தேசங்கட்கும் ஊழியராக நியமிக்கப்பட்டனர். அவருள் இந்தியாவிற்கென நியமிக்கப்பட்டார் 1853 ஏப்ரலிற் கல்கத்தாவில் இறங்கினர். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் வேறிருவரோடு அவ்வாண்டே சென்னைக்கு வந்து, ஏறக்குறைய ஓராண்டு பிரசங்கித்து, 1854-ம் ஆண்டில் மீண்டு சென்றார். அவர்க்கு நம் மொழி தெரியாது. பயிற்சிக்கூடம் எதனையும் கண்டவருமல்லர். பையிற் பணமின்றிப் புறப்படுதலே அக்கால வழக்கம். மனைவியையும் மக்களையும் ஊரிலே விட்டுவிட்டுத் தனியே வந்தார். விளைந்த பலனோ மிகச் சிறிது. மனமும் துணிவும் இருந்தபோதும், மொழியறிவும் துணையும் ஆயத்தமும் இல்லாவிடத்து உழைப்பு எத்துணை வீணாகும் என்பதற்கு இஃதொரு சான்று.

இக்குறையை அச்சபையார் நாளடைவிற் போக்கிக்கொண்டனர். 1925-ம் ஆண்டிற் சால்ட் லேக் நகரத்தில் ஊழியர் இல்லம் ஒன்றைத் திறந்து, புறப்படுவோர்க்குச் சின்னாட் பயிற்சி அளிக்கத் தொடங்கினர். 1961-ம் ஆண்டின் இறுதியில், பிற நாட்டு அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்த இளைஞர்க்குப் புரோவோவிலுள்ள பிரிகாம் யங் சர்வகலாசாலையில் மொழி கற்பிக்கும் வகுப்புகள் ஏற்பட்டன. அவ்வகுப்புகளே வளர்ந்து 1976-ம் ஆண்டிற் றனிக் கட்டடங்களிற் குடிபுகுந்து, 1978-ம் ஆண்டில் ஊழியர் பயிற்சி நிலையம் என்னும் பெயர் பெற்றன. இன்று அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. பயில வருவோரிற் பெரும்பாலார் இருபது வயதை ஒட்டிய இளைஞரும் இளம்பெண்டிருமே. அவர்கள் நடுவே, நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக முதிய தம்பதிகளும் வந்து அமர்கின்றனர்.

இம்முதியோர் யாவர்? உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றோர், நிலத்தையோ கடையையோ மக்களிடம் ஒப்புவித்தோர், ஆசிரியராகவும் மருத்துவராகவும் கணக்கராகவும் இருந்தோர். இவர்க்குச் சம்பளம் இல்லை. தம் செலவைத் தாமே ஏற்றுக்கொள்ள வேண்டும். தம்மைச் சார்ந்து வாழும் இளம் பிள்ளைகள் வீட்டில் இருத்தல் கூடாது. மருத்துவரிடத்து உடல்நலச் சான்று பெறல் வேண்டும். ஊழிய காலம் ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையில் அமையும். செல்லுமிடத்தைத் தெரிந்தெடுப்பது சபையின் தலைவரே. தம்பதிகள் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாமாயினும், எங்கே அனுப்பினும் செல்வோம் என்னும் மனத்தோடிருத்தல் வேண்டும்.

பயிற்சியின் முதற்பாடம் பயிற்சிக்கூடத்திற்கு வருமுன்னரே தொடங்கிவிடுகின்றது. நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டைப் பூட்டுதல் எளிதன்று. சாவியை யாரிடம் கொடுப்பது, தோட்டத்திற்கு யார் நீர் பாய்ச்சுவது என்பன சிறு கவலைகள். பெரிய கவலை வேறு. பேரக் குழந்தை பிறக்கும்போது பாட்டி அருகில் இராள். மகள் நோயுற்றாற் றலைமாட்டில் அமர ஆளில்லை. வயது முதிர்ந்த உடன்பிறந்தாரைத் திரும்பி வருங்கால் உயிரோடு காண்போம் என்னும் உறுதியில்லை. இளைஞன் புறப்படும்போது அழுவது தாய். முதியோர் புறப்படும்போது அழுவது மக்களும் பேரரும். 'எங்களைவிட அயலார் உங்களுக்கு முக்கியமோ?' என்று மகன் வினவினால் அதற்கு விடையிறுத்தல் எளிதோ? இக்கேள்வி தகாத கேள்வியுமன்று. குடும்பக் கடமையும் ஊழியக் கடமையும் எதிரெதிர் நிற்குமிடத்தில், ஒன்றைத் தெரிந்துகொள்வார் மற்றொன்றின் நோவைத் தாங்கியே ஆகவேண்டும். இந்நோவை உணராது புறப்படுவார் பாதிவழியிற் றளர்ந்துபோவர்.

புரோவோவில் முதியோர்க்குரிய பொதுப்பயிற்சி ஏறத்தாழ ஒரு வாரம் நடைபெறும். அலுவலகம் முதலிய தனிப்பணிகட்கு நியமிக்கப்பட்டார் மேலும் சின்னாள் தங்குவர். வந்தவுடன் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு கறுப்புப் பெயர்ப்பலகை தரப்படுகின்றது. அதில் வெண்ணிற எழுத்தால் ஊழியரின் குடும்பப் பெயரும் சபையின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆடவர் 'மூப்பர்' என்றும் பெண்டிர் 'சகோதரி' என்றும் அழைக்கப்படுவர். ஈண்டொரு வியப்பு உண்டு. பதினெட்டு வயது இளைஞனுக்கும் அப்பெயரே. எழுபது வயதுக் கிழவர்க்கும் அப்பெயரே. மேலதிகாரியாயிருந்தவர், மருத்துவராயிருந்தவர், நூறு பேரை ஏவல்கொண்டவர் ஆகிய எவர்க்கும் வேறு பட்டம் இல்லை. தம் பழைய மதிப்பைச் சட்டையினின்றும் கழற்றிவைத்து, பேரன் வயதினன் அணிந்த பலகையையே தாமும் அணிதல் முதல்நாளின் முதற் சோதனை.

அடுத்த சோதனை வகுப்பறையில் வருகின்றது. கற்பிக்கும் ஆசிரியரிற் பெரும்பாலார் தாமும் ஊழியஞ் செய்து திரும்பிய இளைஞர். அருகிலுள்ள சர்வகலாசாலையிற் படிக்கும் மாணவரும் அவர்களில் உளர். ஐம்பதாண்டுக் காலமாக ஞாயிறுதோறும் வேதபாடம் நடத்திய மூதாட்டி, இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியின்முன் அமர்ந்து, ஒரு செய்தியை எங்ஙனம் எடுத்துரைப்பது என்று கற்றல் வேண்டும். கற்றதைச் செய்தும் காட்டல் வேண்டும். ஒருவர் சமயம் அறியாத அயலார்போல் நடிக்க, கணவனும் மனைவியும் அவரோடு உரையாடுவர். பின்னர் ஆசிரியர் நிறைகுறைகளை எடுத்துச் சொல்வார். 'நீங்கள் மிகுதியாகப் பேசினீர்கள். அவர் சொன்னதைக் கேளாதுவிட்டீர்கள்' என்னுஞ் சொல்லை இளையோர் வாயாற் கேட்டுப் பொறுத்தல் முதியோர்க்கு எத்துணை அரிதென்பதை நாமறிவோம். எனினும், கேட்கக் கற்றவனே பேசத் தகுதியுடையவன் என்பதை இவ்வகுப்புகள் நன்கு உணர்த்துகின்றன.

முதியோரைப் பெரிதும் வாட்டுவது மறதி. முன்னாளில் இவ்வச்சம் மிகுதற்குக் காரணமுண்டு. 1961-ம் ஆண்டில் அச்சபையார் எல்லா ஊழியர்க்கும் பொதுவான பாடங்களை வகுத்து, அவற்றைச் சொல்லுக்குச் சொல் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் முறையைக் கைக்கொண்டனர். இளமையில் இது கூடும்; எழுபதிற் கூடுமோ? பிற்காலத்தில் அம்முறை தளர்ந்தது. 2004-ம் ஆண்டில் வெளிவந்த புதிய கைந்நூல் மனனத்தை விலக்கி, கருத்தை நன்குணர்ந்து, கேட்போர் நிலைக்கேற்பத் தம் சொல்லாலேயே எடுத்துரைக்குமாறு பணித்தது. அந்நூலின் திருத்திய பதிப்பு 2023-ம் ஆண்டில் வந்தது. இம்மாற்றம் முதியோர்க்குப் பெருந்துணை. நினைவாற்றலில் இளைஞர் மேம்பட்டவர். ஆயின் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதல் கூறவும், குடியால் உடைந்த குடும்பத்தின் முன்னிலையில் மௌனமாய் அமர்ந்திருக்கவும் அறிந்தவர் முதியவரே. மனனப் பாடத்திற் றோற்றவர் வாழ்க்கைப் பாடத்தில் வெல்கின்றனர்.

மொழி கற்றல் மற்றொரு துன்பம். பலர் தம் மொழி வழங்குமிடத்திற்கே அனுப்பப்படுகின்றனர். பிற மொழி நாட்டிற்குச் செல்வார், வாழ்த்தவும் நன்றி கூறவும் செபிக்கவும் வேண்டுமளவு சில சொற்களையேனும் கற்க முயல்கின்றனர். நாவு வளையாது, காலையிற் கற்றது மாலையில் மறையும். ஈண்டு நம் நாட்டு வரலாறு ஒன்றை நினைக்கலாம். 1706-ம் ஆண்டிற் றரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், திண்ணைப் பள்ளியைத் தம் இருப்பிடத்திற்கு வரவழைத்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலிலே தமிழெழுத்தை எழுதிப் பழகினார். அவர் இளைஞர். 1839-ம் ஆண்டிற் பத்தொன்பது வயதினராய் வந்த போப்போ, தாம் இளமையிற் கற்ற தமிழை முதுமையிற் கைவிடாது, 1886-ம் ஆண்டிற் றிருக்குறளையும், தமக்கு எண்பது வயது நிரம்பிய 1900-ம் ஆண்டிற் றிருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கற்றலுக்கு இளமை உதவும். ஆயின் கற்றலை முடித்துவைக்க முதுமைக்கு அதிகாரமில்லை என்பதே இவ்விருவர் வாழ்வும் காட்டும் உண்மை.

இனி, தம்பதிகளாய்ச் செல்லுதலில் உள்ள நுட்பம் யாதெனில்: கணவன் அலுவலுக்கும் மனைவி இல்லத்திற்குமாகப் பகலெல்லாம் பிரிந்து வாழ்ந்த இருவர், இப்பொழுது ஒரே பணியிற் சமமான துணைவராகின்றனர். யார் முதலிற் பேசுவது, யார் வேண்டுதல் செய்வது, ஒருவர் தவறினால் மற்றவர் எங்ஙனம் திருத்துவது என்பனவெல்லாம் புதிதாகக் கற்கவேண்டியவை. நாற்பதாண்டு உடன்வாழ்ந்தும், மனைவியின் நம்பிக்கையை அவள் சொல்லக் கேட்டறியாத கணவன், வகுப்பறையில் அயலார்முன் அவள் அதனைக் கூறும்போது முதன்முறையாகக் கேட்டல் கூடும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஒருங்கிருந்து அப்பொல்லோவுக்கு விளக்கிய செய்தியை அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கின்றோம். கூடாரத் தொழிலை இருவருஞ் சேர்ந்து செய்து பழகினமையாலேயே போதகமும் இருவர்க்கும் எளிதாயிற்று எனலாம்.

ஒரு வாரப் பயிற்சி போதுமோ என்று சிலர் ஐயுறுவர். போதகராக்குதற்குப் போதாது. ஆயின் அவர்தம் பணியை நோக்குக. இம்முதியோர் இளைஞரைப்போல் வீடுதோறும் கதவு தட்டுதலைக் கடமையாகக் கொண்டவரல்லர். அலுவலகக் கணக்கு, இளம் ஊழியரின் உடல்நலம், கிணறும் சக்கர நாற்காலியும் முதலான தருமப் பணிகள், பழைய குடும்பப் பதிவேடுகளைப் பாதுகாத்தல், கல்விப்பணி என இவை பலவகைப்படும். இவற்றிற்கு வேண்டுந் திறனை வாழ்நாள் முழுதும் அவர்கள் ஈட்டியுள்ளனர். அத்திறனை மேலிருந்து ஏவுவோராயன்றிக் கீழிருந்து உதவுவோராய்ச் செலுத்துதற்குரிய மனப்பான்மையே அவ்வாரத்திற் கற்கவேண்டுவது. ஒரு வாரத்தில் அது முற்றும் வாய்க்குமென்பதில்லை. தொடங்குமாயின் அதுவே பெரும்பேறு.

வீட்டிலுள்ளார் கேட்ட கேள்வி இன்னும் நிற்கின்றது. அதற்கு முழுவிடை இல்லையென்றே கூறல் வேண்டும். பேரனின் முதற்சொல்லைக் கேளாத இழப்பை எவ்வூழியமும் ஈடுசெய்யாது. ஆயின் பாட்டனாரும் பாட்டியாரும் முதுமையிலும் மாணாக்கராய் அமர்ந்தனர் என்னும் நினைவு அப்பேரனுக்கு ஒரு சொத்தாதலுங் கூடும். எது மிகும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் நிறுத்துப் பார்த்தே துணிதல் வேண்டும். மருத்துவம் வேண்டுவார்க்கும், தம்மையே நம்பிய நோயாளர் வீட்டிலுள்ளார்க்கும் வீட்டிலிருத்தலே ஊழியமாகும்.

மாணவ நண்பர்காள், உங்கள் வகுப்பில் என்றேனும் நரைத்த தலையினர் ஒருவர் வந்தமர்வாராயின் நகையாதீர். அவர் உங்களினும் அதிகம் இழந்து வந்திருத்தல் கூடும். ஆசிரியப் பெருமக்களே, உங்களினும் மூத்தார்க்குக் கற்பிக்க நேருமாயின், பணிவோடு கற்பித்தலும் அஞ்சாது திருத்தலும் ஒருங்கே இயல்வனவென்பதைப் புரோவோவின் இளம் ஆசிரியர் காட்டுகின்றனர். ஓய்வுபெற்ற பழைய மாணவர்களே, கல்லூரி நும்மை அனுப்பியது ஒருமுறை. கற்றல் நும்மை அழைப்பது பலமுறை. அவ்வழைப்பு நெடுந்தொலைவிலிருந்து வந்தாலும், அடுத்த தெருவிலுள்ள இராப்பள்ளியிலிருந்து வந்தாலும், செவிகொடுத்துப் புறப்படும் மனத்தை ஆண்டவர் நம் யாவர்க்கும் அருள்வாராக.