மழையைப் பங்கிடும் மலை

மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையோரத்துப் பெரும்பாறைகளுக்கிடையே அமைந்த அலுவிகாரையில்தான், அதுவரை மனனமாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் ஏட்டிலேறியது என்பது மரபு. போரும், பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்லப்படும் கொடிய பஞ்சமும் பிக்குகளை மாய்த்துவர, அவர்கள் நெஞ்சிலிருந்த போதனைகளும் உடன் அழிந்துபோகுமோ என்ற அச்சமே அப்பணிக்குத் தூண்டுகோலாயிற்று. மழை பொய்த்தால் ஒரு தேசத்தின் ஞானமே ஆட்டங்காணும் என்று கண்ட இவ்வூருக்குக் கிழக்கே, மழையின் போக்கை நிர்ணயிக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது.

தும்பறை மலை என்றும் வழங்கும் இத்தொடரில் மிக உயர்ந்தது 1906 மீற்றர் உயரமுள்ள கொம்பனியா சிகரம். வைகாசி தொடங்கி வீசும் சோழகக் காற்று மேற்குச் சரிவுகளை நனைத்துவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாகக் கிழக்கே இறங்க, மார்கழியில் வரும் வாடைக் காற்றோ கிழக்குச் சரிவுகளுக்கு அவற்றின் பங்கை அளிக்கிறது. ஈரச் சரிவுகளில் 5000 மில்லிமீற்றரை எட்டும் வருஷ மழை, கிழக்கு அடிவாரத்தில் அதன் பாதிக்கும் குறைவு. றிவர்ஸ்ரன் போன்ற காற்றோங்கிய முகடுகளில் மரங்கள் குள்ளமாகிப் பாசி போர்த்து, மழையில்லா நாட்களிலும் மூடுபனியின் நுண்துளிகளைப் பிடித்து மண்ணுக்கு வார்க்கின்றன.

இந்தப் பங்கீட்டுக்கு இசைந்தே இங்குள்ள ஜீவராசிகளின் வாழ்வு அமைந்திருக்கிறது. ஐப்பசி மழையோடு வடஇந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேர்கிறது. புதர்த்தவளை இனங்கள் பல, தலைப்பிரட்டைப் பருவமே இன்றி, ஈரமண்ணில் இட்ட முட்டையிலிருந்து நேரே குஞ்சுத் தவளைகளாக வெளிவருகின்றன. உலகில் வேறெங்கும் காணப்படாத இம்மலையின் பாறைத்தவளையின் தலைப்பிரட்டைகளோ, குளமும் ஓடையும் வேண்டாது, கற்பாறை மேல் கசியும் மெல்லிய நீர்ப்படலத்திலேயே வளர்கின்றன. மூக்கு நுனியில் இலைபோன்ற உறுப்பைத் தாங்கிய, இவ்விடத்துக்கே உரிய ஓணான் நிழலும் ஈரமும் நிறைந்த காட்டை நாடி வாழ்கிறது. நீர்ப்படலம் சில நாள் வற்றினாலும், சருகுக்கடியில் ஈரம் உலர்ந்தாலும், இவற்றுள் பலவற்றின் ஒரு தலைமுறை முளையிலேயே கருகிவிடும்.

ஆயினும் வறட்சி முழுவதும் தீமையன்று. ஆவணியில் மின்னேரியாக் குளம் வற்றி, அதன் படுகையில் பசும்புல் தழைக்கும்போதுதான் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. அக்குளத்துக்கு மகாசேன மன்னன் காலந்தொட்டு நீரளிக்கும் அம்பன் கங்கை, இம்மலையின் அருவிகளாலும் பெருகுவது. பருவத்தோடு வரும் வறட்சி இயற்கையின் ஒழுங்கு; அதை அழிவாக மாற்றுவது காட்டின் அடித்தளம் குலைவதே.

இவ்வுண்மையைத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் உணர்ந்திருந்தார். அவருடைய ஆலோசனையின் பேரில் 1873இல், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்குக் கீழே ஏலச்செய்கை பரவியது. ஏலத்துக்கு நிழல் வேண்டுமென்று பெருமரங்களை விட்டுவைத்து, கீழ்ச்செடிகளையும் இளங்கன்றுகளையும் களைந்தார்கள். காய்களை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அங்கேயே வெட்டப்பட்டது. தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு அடர்ந்து தோன்றும் அக்காட்டில், முதிர்ந்த மரத்தின் ஸ்தானத்தை ஏற்க வாரிசில்லை. உள்ளே நுழையும் வெயிலுக்கும் காற்றுக்கும் தடையுமில்லை. கோடையில் மானாப்புல்லுக்கு வைக்கப்படும் தீயும் காட்டின் ஓரங்களை ஆண்டுதோறும் அரிக்கிறது.

2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாகப் பிரகடனமாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனங்களோடு உலக மரபுரிமையாக அங்கீகரிக்கப்பட்ட இம்மலைக்குச் சட்டத்தின் காவல் இன்று இருக்கிறது. அந்தக் காவல் நிமிர்ந்து நிற்கும் மரங்களோடு நின்றுவிடாமல், கீழுள்ள கன்றுக்கும் சருகுக்கும் கசியும் பாறைக்கும் எட்டவேண்டும். மழையை வரவழைக்க மனிதனால் இயலாது. வந்த மழையைக் கோடைக்கும் சேமித்துத் தரும் மண்ணைக் காப்பது அவன் கையில்தான் இருக்கிறது.