குறி தப்பிய ரவை எங்கே போகிறது?

செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. இளங்கன்றின் குருத்தைத் தின்னும், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும், லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் விட்டுவைக்காது. அதனால் நெகிரி செம்பிலானில் ஜெம்போல், ரெம்பாவ், தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் இரவு நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால், "பன்றி சுடுறாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பவர்களே அதிகம். பன்றி விழுந்ததா என்று மறுநாள் பேசிக்கொள்வார்கள். குறி தப்பிய ரவை எங்கே போனது என்ற பேச்சு எழுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது. இங்குள்ள தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பூர்வீகமான புதுக்கோட்டைச் சீமையில், நார்த்தாமலை என்ற பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊருக்கு அருகே ஒரு துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே, கண்ணுக்கே எட்டாத தொலைவில், தாத்தா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பயனில்லை. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். தளம் மூடப்பட்டது. தமிழக அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிதி அறிவித்தது.

பயிற்சி பெற்ற படை, அதற்கென ஒதுக்கிய தளம், பின்னால் மலை. இவ்வளவு இருந்தும் ஒரு தோட்டா வெளியே போயிருக்கிறது. தோட்டத்து இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் சுடுகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தோட்டா நேராகப் பறந்து வீட்டை அடைவது ஒரு வகை ஆபத்து. அது எல்லாருக்கும் புரியும். எதிலாவது பட்டுத் தெறித்துத் திசை மாறிப் போவது இன்னொரு வகை. இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. "கீழே தரையைப் பார்த்துத்தானே சுட்டேன், மண்ணுக்குள் போயிருக்கும்" என்பது வேட்டைக்குப் போகிறவர்கள் சொல்லும் வழக்கமான சமாதானம்.

அந்தச் சமாதானம் நிற்குமா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். நின்றபடி சுடுகிறவரின் துப்பாக்கி தரையிலிருந்து ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். பன்றி 40 மீட்டர் தள்ளி நின்றால், ரவை தரையைத் தொடும் கோணம் வெறும் 2 டிகிரி. அது தரையைக் குத்துவதாக ஆகாது, உரசுவது. ஈயக்குட்டைக் கரையில் நின்று தட்டைக் கல்லை வீசித் தண்ணீரில் தத்தித் தத்திப் போக விட்டவர்களுக்கு இது தெரியும். செங்குத்தாகப் போட்டால் கல் மூழ்கும், படுக்கையாக வீசினால் தத்தும். ஈயக் குண்டுக்கும் அதே விதிதான். உருண்டையான ஈயக் குண்டு சுமார் 5 டிகிரிக்குக் குறைவான கோணத்தில் தண்ணீரில் பட்டால் உள்ளே இறங்காமல் தெறித்து எழும். கால்வாயும் சதுப்பும் நிறைந்த தோட்டத்தில், சமதரையில் நின்று சுடும்போது, 16 மீட்டருக்கு அப்பால் தண்ணீரில் படும் ரவை பெரும்பாலும் தெறிக்கும் என்று இதற்குப் பொருள்.

கெட்டியான தரையில் நடப்பது வேறு மாதிரி. சுவரில் அடித்த பந்து வந்த கோணத்திலேயே திரும்பும் என்று பள்ளியில் படித்திருப்போம். தோட்டா அப்படித் திரும்பாது. பாறை, சிமெண்டு, இறுகிய கப்பி ரோடு போன்றவற்றில் பட்டால் வந்த கோணத்தைவிடக் குறைந்த கோணத்தில், தரையை ஒட்டியே போகும். அதாவது ஆள் முழங்கால், இடுப்பு, நெஞ்சு உயரத்திலேயே. லேசாக உரசிய தோட்டா தன் வேகத்தில் பெரும்பகுதியை இழப்பதுமில்லை. நசுங்கி, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போவதால் உடம்பில் பட்டால் காயம் கோணல்மாணலாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பன்றிக்குப் போடும் பெரிய ரவைத் தோட்டா ஒன்றில் பொதுவாக 9 ரவைகள் இருக்கும். பன்றியில் மூன்று பட்டால் மற்ற ஆறும் அப்பால் போகின்றன. அந்த அளவு ரவை தடையில்லாமல் பறந்தால் 600 மீட்டர் வரை போகக்கூடியது. செம்பனை மரங்கள் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நேர் நிரையாக நிற்பதால், நிரைக்கு நடுவே ஒரு நீண்ட சந்து திறந்தே கிடக்கிறது. அதன் கோடியில் லயமோ, கோவிலோ, ஒற்றையடிப் பாதையோ இருக்கலாம். பால்மரத் தோட்டமாக இருந்தால், விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போகும் ஆள் இருக்கலாம். வேட்டைக்காரரின் கண்ணுக்கு அந்த விளக்கு மிருகத்தின் கண் மின்னுவதாகத் தெரிந்துவிட்டால் தெறிப்பே தேவையில்லை. பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தியும் இந்நாட்டில் அவ்வப்போது வருவதுதான்.

பெரிய துப்பாக்கியில்தான் இந்த ஆபத்து என்று எண்ண வேண்டாம். காலி டின்னைக் கல்லின்மேல் வைத்துக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுப் பழகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஈயக் குண்டு கல்லில் பட்டால் நசுங்கும். இரும்புக் குண்டு நசுங்காது, சுட்டவர் முகத்துக்கே திரும்பும். முதலில் போவது கண். பழைய டயரைக் குறியாக வைப்பதும் அப்படித்தான், ரப்பர் குண்டைத் திருப்பி அனுப்பிவிடும். முறையான தளங்களில் கல் இல்லாத மணலால் உயரமான மேடு கட்டுவது இதற்காகத்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1960 ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டைக்குப் பெர்ஹிலித்தான் அனுமதி தனி. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. இறந்தவர் வீட்டாருக்கு அது மிகச் சிறிய கணக்காகத்தான் தோன்றும்.

பன்றியைச் சுடவே கூடாது என்று தோட்டத்தில் யாரும் சொல்லப் போவதில்லை. பழைய வேட்டைக்காரர்கள் பரண் கட்டி உட்கார்ந்ததில் ஒரு பயன் இருந்தது. துப்பாக்கி ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அதே 40 மீட்டரில் கோணம் ஏறக்குறைய 8 டிகிரியாகும். மிருதுவான மண்ணில் ரவை புதைய அப்போது வாய்ப்பு அதிகம். பன்றிக்குப் பின்னால் மண்சரிவு இருக்கும்போது மட்டும் சுடுவதும், ரோட்டின் குறுக்கே, கால்வாயின்மேல், லயம் இருக்கும் திசையில் சுடாமலிருப்பதும் செலவில்லாத காரியங்கள்.

அதைவிட முக்கியம், எந்த இரவில் எந்தப் பிரிவில் சுடுகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிவது. ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதாது. இன்று பல தோட்டங்களில் பாதி லயங்களில் இருப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். தமிழிலோ மலாயிலோ எழுதியது அவர்களில் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? காலைப் பெரட்டில் மண்டோர் வாய்விட்டுச் சொன்னால் எல்லார் காதிலும் விழும். மறுநாள் விடியலில் அந்தப் பிரிவுக்கு வெட்டு ஆள் போகிறதா என்பதைச் சுட வருகிறவரிடம் சொல்லவும் அவரால்தான் முடியும்.