இலவச மென்பொருளில் பிழையா? முறையாகத் தெரிவித்தால் தீர்வு உண்டு

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதம், ஆலயத் திருவிழா அழைப்பிதழ் போன்றவற்றை லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் தயாரிப்போர் உண்டு. திரையில் சரியாகத் தெரியும் தமிழ், பிடிஎஃப் கோப்பாக மாற்றியதும் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் எனச் சிதறினால் என்ன செய்வது?

2010-இல் தொடங்கப்பட்ட லிப்ரே ஆபிஸ், திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்களும் அதில் பங்களிக்கின்றனர். தமிழ் அறியாத ஒருவருக்கு எழுத்து உடைந்திருப்பதே தெரியாது. பயன்படுத்தும் நாம்தான் சொல்ல வேண்டும்.

“வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் போதாது. தங்கள் கணினியிலும் அதே பிழையை வரவழைக்க முடிந்தால்தான் அவர்களால் காரணத்தை எளிதில் தேட முடியும்.

முதலில் புதிய பதிப்பை நிறுவிப் பாருங்கள். பிழை ஏற்கெனவே நீங்கியிருக்கலாம். அடுத்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். ஓர் எழுத்துருவில் மட்டும் சிதறினால், குறை அந்த எழுத்துருவிலேயே இருக்கக்கூடும்.

பிழை தொடர்ந்தால், லிப்ரே ஆபிஸின் பிழைப் பதிவுத் தளமான பக்சில்லாவில் அதே பிழையை வேறு யாராவது பதிந்துள்ளனரா என்று தேடுங்கள். பதிந்திருந்தால் உங்கள் விவரத்தை அதிலேயே சேர்க்கலாம். இல்லையெனில் கணக்கு தொடங்கிப் புதிதாகப் பதியலாம். எளிய ஆங்கிலமே போதும்.

பதிவில் இவை இருக்கட்டும்:

• மென்பொருளின் பதிப்பு எண், கணினியின் இயங்குதளம், எழுத்துருவின் பெயர்

• பிழை வரும்வரை செய்த ஒவ்வொரு படியும், வரிசையாக

• என்ன வர வேண்டும், என்ன வந்தது

• சரியான எழுத்தையும் உடைந்த எழுத்தையும் காட்டும் ஸ்கிரீன்ஷாட்

• பிழை தெரியும் சிறிய மாதிரிக் கோப்பு

ஒரு பதிவில் ஒரு பிழை மட்டுமே இருக்க வேண்டும்.

கோப்பை இணைக்கும்போது கவனம் தேவை. அங்கு ஏற்றப்படும் கோப்பை உலகில் யாரும் திறந்து பார்க்கலாம். மாணவர் பெயர், அடையாளக் கார்டு எண், நன்கொடையாளர் பட்டியல் உள்ள கோப்பை ஏற்றவே கூடாது. இரண்டு வரித் தமிழுடன் புதுக் கோப்பு தயாரித்து, அதிலும் பிழை வருகிறதா எனப் பார்த்து அனுப்புங்கள். பிறர் கணினிக்குள் ஊடுருவ வழிவிடும் பாதுகாப்புக் குறையாக இருந்தால், பொதுவில் பதியாமல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியே தெரிவிக்க வேண்டும்.

பதிந்தபின் மின்னஞ்சலைப் பார்த்துவருவது அவசியம். கூடுதல் விவரம் கேட்டு வரும் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், போதிய தகவல் இல்லை என்று பதிவு மூடப்படும். உடனே தீர்வு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால், அந்தப் பிழை திருத்தப்படும்போது தமிழில் தட்டச்சு செய்யும் அனைவருக்கும் பலன் கிடைக்கும்.