கடல் நடுவே ஒரு மருத்துவர்

நாலாயிரம் பேர் ஏறும் உல்லாசக் கப்பல் ஒரு மிதக்கும் ஊர். ஆனால் அந்த ஊருக்கு இருப்பது சின்ன மருத்துவ நிலையம்தான். பெரும்பாலும் ஆட்டம் குறைவாகத் தெரியும் கீழ்த்தளத்தில் இருக்கும். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, மூச்சுக் கருவி எல்லாம் பெரிய கப்பல்களில் உண்டு. பெரிய அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. நோயாளியைத் தாக்குப்பிடிக்க வைத்துக் கரை சேர்ப்பதே அங்குள்ள மருத்துவரின் முதல் வேலை.

செலவு? சாப்பாடு டிக்கெட்டில் அடங்கும், வைத்தியம் அடங்காது. கட்டணம் அறைக் கணக்கில் ஏறிவிடும். அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடுகூட, கப்பல் அந்நாட்டுத் துறைமுகத்திலிருந்து 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்தால் பணம் தராது.

சிகிச்சையில் தவறு நேர்ந்தால்? 2011-இல் பெர்முடா துறைமுகத்தில் முதியவர் ஒருவர் விழுந்ததில் அவருக்குத் தலையில் அடிபட்டது. கப்பலின் செவிலியர் ஸ்கேன் எதுவும் எடுக்காமல் அறைக்கு அனுப்பியதாக அவருடைய மகள் வழக்குத் தொடுத்தார். முதியவர் ஒரு வாரத்தில் இறந்துபோனார். கப்பல் மருத்துவரின் தவறுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றுதான் அமெரிக்க நீதிமன்றங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, வழக்கை நடத்த அனுமதித்தது. தாமதமாக வந்தாலும் நியாயமான தீர்ப்பு.

கப்பலேறும் முன், ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடா என்று பாருங்கள். அன்றாட மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள்.