59 நாள் ஆயுள்

கத்தாளை மீனின் தலையை விடாமல் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், உள்ளே வெள்ளையாக இரண்டு கல் இருக்கும். பல்லில் பட்டால் நறுக்கென்று இருக்கும். அது மீனின் காதுக்கல். கத்தாளைக்குப் பெரிதாக இருப்பதால் நம் கண்ணில் படுகிறது. எலும்புள்ள மற்ற மீன்களுக்கும் அது உண்டு. அதன்மேல் தினமும் மெல்லிய சுண்ணாம்புப் படலம் ஒன்று படியும். இளம் மீனின் கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால், வயது நாள் கணக்கிலேயே கிடைத்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப்சின்ஸ்கி, பெல்வுட் இருவரும் இப்படித்தான் எண்ணினார்கள். கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறையில் வாழும் எவியோடா சிகிலாட்டா என்ற மீனில் அவர்கள் கண்ட அதிகபட்ச வயது 59 நாள். முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு குறைந்த ஆயுள் அதுவரை பதிவானதில்லை. இது வெளியானது 2005ல். அதற்கு முன் அந்தப் பெயர் ஆப்பிரிக்க மழைக்குட்டைகளில் சுமார் 12 வாரம் வாழும் கில்லி மீனுக்கு இருந்தது.

எவியோடா கோபி இனம்; நம் ஏரிகளில் கிடைக்கும் உளுவைக்குச் சொந்தம். உளுவை ஒரு சாணுக்கு மேலும் வளரும். இதுவோ இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. முதல் மூன்று வாரம் குஞ்சாகத் திறந்த கடலில் திரியும். பிறகு பாறைக்கு வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் பருவமடையும். மிச்சம் மூன்றரை வாரம்தான். யாராவது சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் இதைத் தேடினால் ஏமாற்றம்தான். தொட்டிக்குப் பழகுவதற்குள் ஆயுள் முடிந்துவிடும் சரக்கை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்?

ஏன் இந்த அவசரம்? பாறையில் இதைத் தின்ன வாய்கள் ஏராளம். ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு மீன் குறைகிறது. வட்டிக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இன்று நூறு இருந்தால் மூன்றரை வாரத்தில் பதின்மூன்று, பதினான்குதான் மிஞ்சும். பெரிதாக வளர்ந்த பிறகு முட்டையிடலாம் என்று காத்திருக்கும் மீனுக்கு வாரிசே இருக்காது. அதனால் பெண் மீன் அந்த மூன்றரை வாரத்துக்குள் மூன்று ஈடாக மொத்தம் 400 முட்டை வரை இட்டுவிடுகிறது. லட்சக்கணக்கில் இடும் பெரிய மீன்களுக்கு முன் இது அற்பம். ஆனால் இட்ட முட்டையை ஆண் மீன் காவல் காக்கிறது. இந்த இனத்தின் பிழைப்பே இந்தக் காவலில்தான் இருக்கிறது என்பேன்.

இதுபோன்ற பொடி மீன்களைப் பற்றி 2019ல் சைமன் பிராண்டல் குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது: பவளப்பாறைகளில் இரையாகும் மீன் சதையில் ஏறத்தாழ 60 சதவீதம் இவற்றுடையது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலும் பொடி கோபிகள் உண்டு. ஆனால் மூழ்கிப் பார்த்து எண்ணுகிறவர்களின் கணக்கில் இவை பெரும்பாலும் சேராது, இடுக்குக்குள் ஒளிந்திருக்கும். ஆராய்ச்சியாளர்கள் பாறையின் ஒரு பகுதியை நுண்வலையால் மூடி, கிராம்பு எண்ணெய் விட்டு மயக்கித்தான் பிடிக்கிறார்கள். பல்வலிக்கு நாம் பஞ்சில் நனைத்து வைக்கும் அதே எண்ணெய்தான்.